ஒரே பாட்டு, மூன்று அறை: வீடு முழுக்க ஒத்திசைந்து பாட வைப்பது எப்படி?

பக்கத்து வீட்டில் "சிக்ஸ்!" என்று கத்துவார்கள். நம் வீட்டில் பந்து வீச்சாளர் அப்போதுதான் ஓடிவரத் தொடங்கியிருப்பார். அவர்கள் பார்ப்பது கேபிளில், நாம் பார்ப்பது ஃபோன் ஆப்பில். ஆட்டம் ஒன்றுதான், ஆனால் அவர்களுடைய ‘இப்போது’ வேறு, நம்முடைய ‘இப்போது’ வேறு.

வானொலிக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. தெருக்கோடியிலிருந்து நடந்து வந்தால் வீட்டுக்கு வீடு ஒரே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பல்லவியை ஒரு வாசலில் கேட்டு, சரணத்தை இன்னொரு வாசலில் முடிக்கலாம். நடுவில் ஒரு சொல்லும் விட்டுப்போகாது. அதற்காக யாரும் எதையும் ‘செட்’ பண்ணவில்லை. ரேடியோ அலை விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். பெட்டி அதைப் பிடித்த கையோடு ஒலியாக்கிவிடும், எதையும் சேர்த்து வைத்துப் பிறகு பாடாது. அதனால் எல்லாப் பெட்டியும் தானாகவே ஒன்றாகப் பாடின.

இன்றைக்கு அதே காரியத்தை ஒரு வீட்டுக்குள், மூன்று அறைகளுக்குச் செய்யப் போய் நான் சில வாரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் புரிந்தது, இது ஸ்பீக்கர் சமாச்சாரமே இல்லை, கடிகாரச் சமாச்சாரம் என்பது. அது பிடிபட்டுவிட்டால் எந்தக் கருவியை வாங்கினாலும், எந்த மென்பொருளை நிறுவினாலும் என்ன நடக்கிறது என்று தெரிந்தே செய்யலாம். ஆகவே நிறுவுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் விஷயத்தைப் பார்ப்போம்.

எங்களுடையது சின்ன மாடி வீடு. கீழே கூடம், அதையொட்டிச் சமையலறை, மேலே ஓர் அறை. அம்மா காலையில் பாட்டுக் கேட்டுக்கொண்டேதான் சமைப்பார். கூடத்துக்கு வந்தால் பாட்டு காதில் விழாது என்று சத்தத்தைக் கூட்டி வைப்பார், மேலே தூங்குகிற தம்பி எழுந்து வந்து சண்டை போடுவான். "ஒவ்வொரு ரூம்லயும் சின்னதா ஒரு ஸ்பீக்கர் வெச்சு, எல்லாத்துலயும் ஒரே பாட்டை மெதுவா ஓட விட்டா என்னம்மா?" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

முதல் முயற்சிக்குக் கூடத்தில் லேப்டாப், சமையலறை வாசலில் ஒரு பழைய ஃபோன். இரண்டிலும் ஒரே நாதஸ்வரக் கச்சேரியின் எம்பி3. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி இரண்டு கையாலும் ஒருசேர பிளே பட்டனை அழுத்தினேன். ஆலாபனை ஓடியவரை பழுதில்லை. தவில் வந்ததும் குட்டு வெளிப்பட்டது. ஒவ்வோர் அடியும் இரண்டு அடியாக விழுந்தது. அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"என்னடா இது, கிணத்துக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு?"

காது எவ்வளவு பொறுக்கும்?

அம்மா கேட்டது எதிரொலி. ஒரே ஒலி இரண்டு தடவை, சின்ன இடைவெளியில் வந்தால் காது என்ன செய்யும் என்பதை ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் என்பவர் 1949இல் தம் முனைவர் பட்ட ஆய்வாகவே செய்தார். ஒலிப் பொறியாளர்கள் இன்றும் ‘ஹாஸ் விளைவு’ என்று சொல்வது அதைத்தான். இரண்டாவது ஒலி ஏறக்குறைய 30, 40 மில்லி விநாடிக்குள் வந்துவிட்டால் மூளை இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். முதலில் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அங்கிருந்துதான் ஒலி வருகிறது என்று நினைத்துக்கொள்ளும். இடைவெளி அதைத் தாண்டினால் தனித்தனியாக எண்ணத் தொடங்கும். மில்லி விநாடி என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இந்த 30, 40 என்பது கல்லில் எழுதியது இல்லை. பேச்சைக் கேட்கும்போது ஒரு மாதிரி, சங்கீதத்துக்கு வேறு மாதிரி. நீண்டு இழையும் நாதஸ்வரத்தில் இன்னும் கொஞ்சம் பிசகினாலும் காது மன்னித்துவிடும். தவில், கடம், கைதட்டல் போல வெடுக்கென்று வந்து நிற்கும் ஒலியில் 10 மில்லி விநாடிப் பிசகே உறுத்த ஆரம்பிக்கும். அதனால்தான் ஆலாபனையில் தப்பித்தவன் தவிலில் மாட்டிக்கொண்டேன். உங்கள் வீட்டில் எல்லாம் கட்டி முடித்ததும் சோதித்துப் பார்க்க ஒரு கடம் தனி ஆவர்த்தனத்தைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு பரிசோதனைக் கருவி தேவையில்லை.

இன்னொரு கணக்கும் கையில் இருக்கட்டும். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஒரு மில்லி விநாடிக்கு 34 சென்டிமீட்டர், அதாவது ஓர் அடிக்குக் கொஞ்சம் மேலே. கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு 20 அடி தள்ளிச் சமையலறையில் பாடுவது எப்படியும் 18 மில்லி விநாடி பிந்தித்தான் வரும். ஆடி மாதத்தில் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்களே, அங்கே எல்லாக் குழாயும் ஒரே ஆம்ப்ளிஃபையரில், ஒரே ஒயரில்தான் தொங்குகின்றன. மின்சாரத்தைப் பொறுத்தவரை அவை இம்மியும் பிசகாமல் ஒன்றாகத்தான் பாடுகின்றன. ஆனால் 100 மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் பாட்டு நமக்கு 290 மில்லி விநாடி கழித்து வருகிறது. மாரியம்மன் பாட்டு தெரு முழுக்க மூன்று நான்கு குரலில் அலைவது அதனால்தான். மைக் செட்காரரைத் திட்டிப் பயனில்லை.

வீடு அவ்வளவு பெரிதில்லை என்பது நமக்கு நல்லது. காற்று எடுத்துக்கொள்ளும் 10, 20 மில்லி விநாடியை ஒன்றும் செய்ய முடியாது, காதும் அதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் கருவிகள் தங்கள் பங்குக்கு எதையும் சேர்க்காமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

ஏன் பிந்துகிறது, ஏன் மேலும் மேலும் பிந்துகிறது?

"ஒண்ணு, ரெண்டு, மூணு" ஏன் பலிக்கவில்லை? பட்டனை அழுத்தியதும் கருவி உடனே பாடிவிடுவதில்லை. கோப்பைத் திறக்க வேண்டும், சுருக்கி வைத்ததை விரிக்க வேண்டும், எண்களை ஒலியாக்கும் ஒலி அட்டையை எழுப்ப வேண்டும். லேப்டாப்புக்கு ஒரு வேகம், ஃபோனுக்கு ஒரு வேகம். வைஃபை வழியாக அனுப்பினாலும் அதே கதைதான். பாட்டின் ஒரு பொட்டலம் 2 மில்லி விநாடியில் போய்ச் சேரும், அடுத்தது பக்கத்து வீட்டு வைஃபையோடு இடித்துக்கொண்டு 80 மில்லி விநாடி கழித்து வரும்.

இதையெல்லாம் எப்படியோ சரிசெய்து, இரண்டையும் துல்லியமாக ஒரே கணத்தில் தொடங்கிவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் முடியாது. இதுதான் எனக்குப் புதிதாக இருந்தது.

ஒலி அலையைக் கணத்துக்குக் கணம் அளந்து எழுதிய எண்ணுக்கு ‘மாதிரி’ (சாம்பிள்) என்று பெயர். ஒலி அட்டை விநாடிக்கு 48,000 மாதிரிகளை ஸ்பீக்கருக்குத் தள்ளுகிறது. அந்த விநாடியை அளப்பது அதற்குள் இருக்கும் ஒரு சின்னக் குவார்ட்ஸ் படிகம். சுவர்க் கடிகாரத்தில் இருப்பதன் உறவுக்காரன். எந்த இரண்டு படிகமும் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. மலிவான கருவிகளில் பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபடுவது சாதாரணம். பத்து லட்சத்தில் 50 என்றால் யார் கவலைப்படுவார்கள்? கணக்குப் போடுங்கள்: நிமிடத்துக்கு 3 மில்லி விநாடி. ஒரு மணி நேரத்தில் 180. காலை ஆறு மணிக்கு ஒன்றாகத் தொடங்கிய இரண்டு பெட்டிகள் ஏழு மணிக்குக் கிணற்றுக்குள் இறங்கியிருக்கும்.

தொடக்கத்தைச் சரிசெய்வது ஒரு வேலை, ஓட ஓட இழுத்துப் பிடிப்பது இன்னொரு வேலை. இரண்டையும் செய்வதுதான் ஒத்திசைவு.

முகூர்த்தப் பத்திரிகை

முதல் வேலைக்கான தீர்வு நம் ஊரில் நெடுங்காலமாக இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை உள்ளூர்க்காரருக்கு மறுநாளே போய்விடும், மும்பையில் இருக்கும் சித்தப்பாவுக்குப் பத்து நாள் கழித்துப் போகும். யாருக்கு எப்போது கிடைத்தது என்பது ஒரு பொருட்டே இல்லை. ‘காலை 6 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்’ என்று அதில் அச்சடித்திருக்கிறது. எல்லாரும் அந்த நேரத்துக்கு மண்டபத்தில் இருப்பார்கள். ‘இது கிடைத்ததும் புறப்பட்டு வரவும்’ என்று அச்சடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பாட்டையும் அப்படித்தான் அனுப்ப வேண்டும். ஒரு கருவி தலைமை தாங்கும், அதன் பெயர் சர்வர். அது பாட்டைப் பல சின்னத் துண்டுகளாக நறுக்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு போல இருக்கும். ஒவ்வொன்றின் நெற்றியிலும் நேரத்தைக் குறித்து, எல்லா அறைக்கும் அனுப்பிவிடும். அறையில் இருக்கும் கருவிக்குக் கிளையண்ட் என்று பெயர். துண்டு வந்ததும் அது பாடாது, வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு முகூர்த்தத்துக்குக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்புக்குத்தான் பஃபர் என்று பெயர். வழக்கமாக ஒரு முழு விநாடி வைப்பார்கள். வைஃபை எவ்வளவு தடுமாறினாலும் ஒரு விநாடிக்குள் துண்டு வந்து சேர்ந்துவிட்டால் போதும், கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது.

பத்திரிகையில் நேரம் போட்டால் மட்டும் போதுமா? எல்லார் கைக்கடிகாரமும் ஒத்துப்போக வேண்டுமே. அடுத்த சிக்கல் அது.

மணி கேட்பது எப்படி?

கிளையண்ட் சர்வரிடம் "மணி என்ன?" என்று கேட்கும். பதில் வந்து சேர்வதற்குள் அந்த மணி பழசாகிவிடும். எவ்வளவு பழசு என்று எப்படித் தெரியும்? இணையத்தில் எல்லாக் கணினிக்கும் நேரம் சொல்லும் என்.டி.பி. முறை 1985இலேயே ஆவணமாக வந்துவிட்டது, டேவிட் மில்ஸ் வகுத்தது. அதிலிருக்கும் எளிய தந்திரம் இங்கேயும் போதும்.

சமையலறைக் கருவி தன் கடிகாரத்தில் 0 மில்லி விநாடி என்று இருக்கும்போது கேள்வியை அனுப்புகிறது. சர்வரின் கடிகாரத்தில் அது 2506இல் போய்ச் சேர்கிறது. சர்வர் 2507இல் பதிலை அனுப்புகிறது. சமையலறையின் கடிகாரம் 13 காட்டும்போது பதில் கையில் கிடைக்கிறது. போய்வர மொத்தம் 13, அதில் சர்வர் யோசித்தது 1, மீதி 12 வழிப் பயணம். போக 6, வர 6 என்று பாதியாகப் பிரித்துக்கொள்வோம். கிளம்பி 6 கழித்து, அதாவது என் கடிகாரத்தில் 6 இருக்கும்போது, அவர் கடிகாரத்தில் 2506. அப்படியானால் அவர் என்னைவிட 2500 முந்தியிருக்கிறார். கணக்கு முடிந்தது. இனி ‘3000க்குப் பாடு’ என்று அவர் சீட்டு அனுப்பினால் என் கடிகாரத்தில் 500 ஆகும்போது பாடுவேன்.

போக 6, வர 6 என்று பாதியாகப் பிரித்தது ஓர் ஊகம்தான். உண்மையில் போக 10, வர 2 ஆகியிருந்தால் கணக்கில் 4 மில்லி விநாடி பிழை விழும். அதனால் ஒரு தடவை கேட்டு நம்பிவிடுவதில்லை. திரும்பத் திரும்பக் கேட்டு, வந்த விடைகளை வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். ஊரில் நாலு பேரை விசாரிப்பது போலத்தான்.

இதில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. உலகத்துக்கு உண்மையில் மணி என்ன என்பது இங்கே யாருக்கும் தேவையில்லை. சர்வரின் கடிகாரம் மூன்று நாள் பின்தங்கியிருந்தாலும் கவலையில்லை. பெண் வீட்டார் கடிகாரம் தப்பாகவே இருக்கட்டும், வந்தவர்கள் எல்லாரும் அதையே பார்த்தால் தாலி கட்டுவது ஒன்றாகத்தான் நடக்கும்.

இப்போது இரண்டாவது வேலை, ஓட ஓட இழுத்துப் பிடிப்பது. சமையலறைப் படிகம் கொஞ்சம் சோம்பேறி என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சத்தில் 50 என்றால் விநாடிக்கு 48,000 மாதிரியில் இரண்டு, இரண்டரை மாதிரி பின்தங்கும். கிளையண்ட் அதைக் கவனித்து விநாடிக்கு இரண்டு மூன்று மாதிரிகளைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். முந்தினால் ஒரு மாதிரியை இரண்டு தடவை பாடும். ஒரு மாதிரியின் நீளம் 0.02 மில்லி விநாடிதான். எந்த வித்வானாலும் கண்டுபிடிக்க முடியாது.

கையில் எடுப்போம்

இத்தனையையும் செய்து தருகிற இலவச மென்பொருள் ஸ்னாப்காஸ்ட். நான் அதைத்தான் போட்டிருக்கிறேன். மேலே சொன்ன முறையெல்லாம் அது வேலை செய்யும் முறைதான். அறைகளுக்கிடையே பிசகு பெரும்பாலும் 0.2 மில்லி விநாடிக்குள் இருக்கும் என்கிறார்கள் அதை எழுதியவர்கள். எதிரொலியாகக் காது பிரித்தறிவதைவிட மிக நுணுக்கமான கணக்கு அது.

புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று: ஸ்னாப்காஸ்ட் பாட்டுப் பெட்டி அல்ல. அதைத் திறந்து பாட்டைத் தேடிக்கொண்டிருந்தால் எதுவும் இருக்காது. பாடுவதற்கு வேறொரு பிளேயர் வேண்டும். எம்.பி.டி. என்ற பழைய, கெட்டியான பிளேயர் ஒன்று இருக்கிறது, அதையே பெரும்பாலோர் வைக்கிறார்கள். அது தன் பாட்டை ஸ்பீக்கருக்கு அனுப்பாமல் கணினிக்குள்ளேயே ஒரு குழாயில் ஊற்றும். மறுமுனையில் ஸ்னாப்காஸ்ட் சர்வர் வாயை வைத்துக் குடித்து, துண்டு போட்டு, நேரம் குறித்து எல்லா அறைக்கும் அனுப்பும். ஐஃபோன் இருந்தால் ஏர்பிளே என்ற அதன் ஒயரில்லா வசதி வழியாகவும் இதற்குள் பாட்டைச் செலுத்தலாம். ஸ்பாட்டிஃபையும் முடியும், ஆனால் கட்டணக் கணக்கு வேண்டும்.

சர்வருக்குப் பெரிய கணினி தேவையில்லை. எங்கள் வீட்டில் ரவுட்டர் பக்கத்தில் ராஸ்பெரி பை 4 என்ற உள்ளங்கையளவுக் கணினி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டாலும் ஓடும். ஒன்றே ஒன்றைச் சொல்வேன்: சர்வரை ரவுட்டரோடு ஒயரில் இணையுங்கள். அதையும் வைஃபையில் விட்டால் ஒவ்வொரு துண்டும் சர்வரிலிருந்து ரவுட்டருக்கு ஒரு தடவை, ரவுட்டரிலிருந்து அறைக்கு ஒரு தடவை என்று காற்றில் இருமுறை பறக்க வேண்டும். சுருக்காத பாட்டு ஓர் அறைக்கு விநாடிக்குச் சுமார் 1.5 மெகாபிட். மூன்று அறைக்கு நாலரை. இன்றைய வைஃபைக்கு இது சுண்டைக்காய். அதோடு ஸ்னாப்காஸ்ட் தரம் குறையாத ஃப்ளாக் முறையில் சுருக்கியே அனுப்புகிறது. ஆனாலும் ஒயருக்கு இருக்கும் நிம்மதி தனி.

அறைகளில் என்ன வைப்பது? கூடத்தில் ஏற்கெனவே ஹோம் தியேட்டர் இருந்தால் அதன் ஆக்ஸ் துளையில் ஒரு ராஸ்பெரி பையைச் செருகினால் போதும். பையிலேயே இருக்கும் 3.5 மில்லிமீட்டர் துளையில் மெல்லிய இரைச்சல் வரும். அமைதியான ராகத்தில் அது தெரியும். ஒரு சின்ன யூ.எஸ்.பி. ஒலி அட்டை வாங்கிப் போட்டால் தீர்ந்தது. பை 5இலும் சின்ன ஜீரோ வகைகளிலும் அந்தத் துளையே கிடையாது, எனவே அவற்றுக்கு எப்படியும் ஒலி அட்டை வேண்டும். மேசை இழுப்பறையில் தூங்கும் பழைய ஆண்ட்ராய்டு ஃபோனையும் ஓர் ‘அறை’ ஆக்கிவிடலாம், அதற்கு ஸ்னாப்ட்ராய்ட் என்ற ஆப் இருக்கிறது. எங்கள் சமையலறையில் முதலில் ஓடியது கண்ணாடி உடைந்த ஒரு ஃபோன்தான். செலவு ஒன்றுமில்லை என்பதால், ஒரு சர்வர், ஒரு பழைய ஃபோன் என்று தொடங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு காசை இறக்குவதே புத்திசாலித்தனம்.

நிறுவுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ராஸ்பெரி பையின் மென்பொருள் களஞ்சியத்திலேயே சர்வரும் கிளையண்டும் தனித்தனிப் பொதிகளாக இருக்கின்றன. சர்வரை ஒரு கருவியில், கிளையண்டை ஒவ்வோர் அறையிலும் போட வேண்டும். ஒரே வைஃபையில் இருந்தால் கிளையண்ட் தானாகவே சர்வரைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். சர்வரோடு ஸ்னாப்வெப் என்ற அதன் வலைப்பக்கமும் நிறுவியிருந்தால், எந்த ஃபோனின் உலாவியிலும் சர்வரின் முகவரியோடு 1780 என்ற எண்ணைச் சேர்த்துத் திறந்தால் அறைகளின் பட்டியல் வரும். ஒவ்வோர் அறைக்கும் தனிச் சத்தக் கட்டுப்பாடு இருக்கும்.

தடுக்கி விழுந்த இடங்கள்

எம்.பி.டி.யை இணைத்த முதல் நாள் பாகவதர் ஏதோ அவசரத்தில் இருந்தார். குரல் மெலிந்து, சுருதி ஏறி, நடுநடுவே விக்கிக்கொண்டும் வந்தது. ஸ்பீக்கர் போச்சு என்று நினைத்தேன். காரணம் வேறு. குறுந்தகட்டுப் பாட்டில் விநாடிக்கு 44,100 மாதிரி. எம்.பி.டி. அதை அப்படியே குழாயில் ஊற்றியது. சர்வர் விநாடிக்கு 48,000 என்று நினைத்துக் குடித்தது. சுமார் 9 சதவீத வேகம் கூடினால் சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறும். அதோடு ஊற்றுகிறவர் மெதுவாக, குடிக்கிறவர் வேகமாக இருந்தால் குழாய் அவ்வப்போது வறண்டுபோகும், விக்கல் அதனால். எம்.பி.டி. அமைப்பில் ‘48,000, 16 பிட், 2 தடம்’ என்று எழுதியதும் பாகவதர் தம் கட்டைக்கே திரும்பினார். இரண்டு பக்கமும் ஒரே எண் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

மேல் அறையில் பாட்டு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அறுந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த ராஸ்பெரி பை தன் வைஃபையைக் கண்ணயர விடும் வழக்கம் உள்ளது. அந்த வசதியை அணைத்ததும் சரியானது. இன்னொரு வீட்டில், நண்பர் ஒருவர் விருந்தினருக்கான வைஃபையில் ஸ்பீக்கரை இணைத்துவிட்டு "சர்வரே கண்ணில் படமாட்டேங்குது" என்று புலம்பினார். விருந்தினர் வைஃபையில் ஒரு கருவி மற்றொன்றைப் பார்க்கவே விடாமல் தடுத்திருப்பார்கள். வீட்டு வைஃபைக்கு மாற்றினால் போதும்.

ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். சமையலறையில் ஒயர் வேண்டாம், எண்ணெய்க் கை படும் என்று அம்மா சொன்னதால் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்தேன். மறுபடியும் கிணறு! ஸ்னாப்காஸ்டின் கடிகாரக் கணக்கு ஒலியைக் கருவியின் ஒலி அட்டையிடம் ஒப்படைப்பது வரைக்கும்தான். அதற்குப் பின் ப்ளூடூத் தன் பங்குக்கு மீண்டும் சுருக்கி, அனுப்பி, விரித்து, 100 முதல் 250 மில்லி விநாடி வரை தின்றுவிடும். கல்யாணத்துக்குச் சரியான நேரத்தில் கிளம்பியவர் மண்டப வாசலில் செருப்பு விடும் வரிசையில் மாட்டிக்கொண்டதைப் போல. சில சவுண்ட்பாரும் ஒலியை மெருகேற்றுகிறேன் என்று இதே வேலையைச் செய்யும்.

இதற்கு ஸ்னாப்காஸ்டில் ஒவ்வொரு கிளையண்டுக்கும் ‘லேட்டன்சி’ என்று ஓர் எண் கொடுக்கலாம். ஸ்பீக்கர் 150 மில்லி விநாடி பிந்துகிறது என்றால் 150 என்று எழுதினால், அந்த அறைக்கு மட்டும் அவ்வளவு முன்கூட்டியே பாடத் தொடங்கும். கையில் ஒரு விநாடிச் சரக்கு அடுக்கில் இருப்பதால்தான் இது முடிகிறது. எந்த எண் என்று எப்படித் தெரியும்? நான் செய்தது இதுதான்: கடம் தனி ஆவர்த்தனத்தை ஓடவிட்டு, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள நிலைப்படியில் நின்றேன். 100 போட்டேன், டக்-டக். 150, இரண்டும் நெருங்கின. 180இல் ஒரே டக். 220 போட்டதும் மறுபடி பிரிந்தன, இந்தத் தடவை சமையலறை முந்தியது. 180க்கே திரும்பினேன். ஆனால் சில ப்ளூடூத் ஸ்பீக்கர்கள் ஒவ்வொரு முறை இணையும்போதும் வேறொரு தாமதத்தோடு வரும். என்னுடையது அந்த ரகம். ஒரு வாரம் பொறுத்துவிட்டு ஒயர் ஸ்பீக்கர் வாங்கி அலமாரிக்கு மேலே, எண்ணெய்க் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன். ப்ளூடூத் இல்லாமல் ஒப்பேற்ற முடிந்தால் ஒப்பேற்றுங்கள்.

டிவியின் சத்தத்தை இதில் விடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். ஒரு விநாடி பஃபர் பாட்டுக்கு அழகு. படத்துக்கு வைத்தால் கதாநாயகன் வாயை மூடிய பிறகு வசனம் வரும்.

இவ்வளவு பாடு வேண்டாம் என்கிறவர்களுக்குக் கடையில் ஆயத்தமாகவே கிடைக்கிறது. 2002இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய சோனோஸ் நிறுவனம் 2005இலிருந்து இதைத்தான் விற்கிறது. ஆப்பிளின் ஏர்பிளே 2 என்ற முறை 2018இல் வந்தது. அமேசான் எக்கோ, கூகுள் ஸ்பீக்கர்கள் இரண்டிலும் பலவற்றை ஒரு குழுவாகச் சேர்க்கும் வசதி இருக்கிறது. உள்ளே நடப்பது ஏறக்குறைய இதே கடிகார ஒப்பந்தம்தான். ஆளுக்கொரு பஞ்சாங்கம் என்பதால் ஒரு நிறுவனத்தின் குழுவில் அடுத்த நிறுவனத்து ஸ்பீக்கர் பெரும்பாலும் சேராது. நேரம் இல்லாதவர்கள் ஒரே கம்பெனிப் பொருளாக வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம், அதில் தப்பே இல்லை. எனக்கு உள்ள ஒரே தயக்கம், நிறுவனம் கடையைக் கட்டினால் என்ன ஆகும் என்பது. இதே வேலைக்காகவே பலர் வாங்கிய கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ என்ற சின்னக் கருவி 2015இல் வந்தது, 2019 தொடக்கத்திலேயே உற்பத்தி நின்றுவிட்டது. அதற்கு முன் லாஜிடெக் 2012இல் ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற தன் பாட்டுப் பெட்டியை நிறுத்தியது. ஆனால் ஸ்க்வீஸ்பாக்ஸின் சர்வர் மென்பொருள் திறந்த மூலம் என்பதால் ஆர்வலர்கள் அதைக் காப்பாற்றி, இன்று லிரியன் என்ற பெயரில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெட்டி செத்தாலும் பாட்டு நிற்கவில்லை. ஸ்னாப்காஸ்ட் பிடிக்காவிட்டால் லிரியனைப் பாருங்கள், அதுவும் அறைகளை ஒத்திசைக்கும்.

கரண்டு போய் வந்தால்? பை 4 வரை எந்த ராஸ்பெரி பையிலும் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. கரண்டு வந்ததும் பழைய நேரத்தை நினைத்துக்கொண்டு எழும். ஆனால் முன்பே சொன்னபடி, உலகத்து மணி தேவையில்லை. சர்வரைப் பார்த்ததும் "மணி என்ன?" என்று நாலு தடவை கேட்டுவிட்டுச் சேர்ந்து பாடத் தொடங்கிவிடும். பயப்பட வேண்டியது மெமரி கார்டுக்குத்தான். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் கார்டு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. சர்வரையும் ரவுட்டரையும் ஒரு சின்ன யூ.பி.எஸ்.ஸில் போட்டு, எல்லாம் சரியாக ஓடும் நாளில் கார்டுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டேன்.

மூன்று அறையும் இப்போது ஒன்றாகப் பாடுகின்றன. சத்தத்தைக் கூட்டத் தேவையில்லாததால் தம்பி நிம்மதியாகத் தூங்குவான் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்த 1780 பக்கத்தை அம்மாவின் ஃபோனில் திறந்து காட்டியது நான்தான். காலை ஆறரைக்கு, குக்கர் இரண்டாவது விசில் அடித்ததும், ‘மேல் ரூம்’ என்று எழுதியிருக்கும் கோட்டை அவர் கட்டைவிரலால் வலது ஓரம் வரை இழுத்துவிடுகிறார்.